இன்னும் கொஞ்சம் கீழே வாங்க

மொழியக்காவுக்குப் பதினேழு மொழிகளில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும். "கீழே வாங்க, இன்னும் கொஞ்சம் கீழே, அதேதான், அமுக்குங்க." அவ்வளவுதான் அவளுடைய புலமை. அந்தப் பதினேழில் எதிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்க அவளால் முடியாது. உங்க பேர் என்ன என்று திருப்பிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அந்தந்த மொழிக்காரனே அசந்துபோகும்படி சொல்லுவாள். போனில் கேட்டவன் நம்ம ஊர்க்காரி கிடைத்துவிட்டாள் என்று மடமடவென்று தன் கதையைக் கொட்ட ஆரம்பிப்பான். அவளும் ஒன்றும் புரியாமல், "அமுக்குங்க, அமுக்குங்க" என்று அவனுடைய மொழியிலேயே கெஞ்சுவாள்.

அவள் வேலை பார்ப்பது கப்பல் தொழிலாளர்களுக்கான ஓர் உதவி மையத்தில். மூன்றாம் மாடி, இரண்டு அறை, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து இரும்புப் பெட்டிகள் அடுக்கடுக்காகத் தெரியும். மையத்துக்கு ஒரு வலைத்தளம் உண்டு. நடுக்கடலில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கேட்பது, கேப்டன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் எங்கே புகார் சொல்வது, வீட்டுக்குப் பேச வழி என்ன, எல்லாம் அதில் இருக்கும். இருபத்தேழு மொழிகளில் இருக்கும். முதல் பக்கத்தில் மொழிகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். வருகிறவன் தன் மொழியைக் கண்டுபிடித்து அமுக்க வேண்டும். அவன் கண்டுபிடித்தானா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. கண்டுபிடிக்காதவன் போன் செய்வான். மேலே சொன்ன வாக்கியம் அவனுக்குத்தான்.

இதென்ன பெரிய வேலை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சேர்ந்த புதிதில் அவள் பார்த்தபோது, எல்லா மொழியின் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவனுக்கு, இங்கே தமிழ் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாத எழுத்தில் எழுதிப் போட்டு என்ன புண்ணியம்? "உள்ளே வாங்கன்னு போர்டை வீட்டுக்குள்ள மாட்டி வெச்சிருக்கீங்களே!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்துக்கு மாறியது. மொழியக்கா என்ற பட்டப்பெயரும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இப்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருப்பாள்.

அடுத்த கூத்து அதைவிட அருமை. வலைத்தளத்தை அழகாக்கித் தருகிறேன் என்று வந்த ஒரு கம்பெனி, ஆள் எந்த ஊரிலிருந்து பார்க்கிறானோ அந்த ஊர் மொழியில் பக்கம் தானாகவே திறக்கும்படி செய்து கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கான தளம்? மாலுமிகளுக்கு! திங்கட்கிழமை ஒரு துறைமுகம், வெள்ளிக்கிழமை இன்னொன்று. கப்பல் நின்ற இடத்திலெல்லாம் பக்கம் வேறு வேறு மொழி பேசியது. மூன்று வாரம் போன் அடங்கவில்லை. ஒருத்தன், போன வாரம் என்னை அடையாளம் தெரிந்ததே, இந்த வாரம் ஏன் தெரியவில்லை என்று அழாத குறையாகக் கேட்டானாம். அக்கா மேலாளரம்மாவின் அறைக்குள் போய் மேசையைத் தட்டினாள்.

"மேடம், மாலுமிக்கு ஏது ஊரு? அவன் எங்க நிக்கிறான்னு பார்த்து அவனை யாருன்னு முடிவு பண்ணுவீங்களா? பழைய பட்டியலையே வைங்க. ஆளைத் தேடாதீங்க, ஆள் வந்து தேடிப்பான்."

பட்டியல் திரும்பி வந்தது. இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளுக்கே இது தேவைப்படும்.

அவளுக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்டால், அதற்குக் காரணம் உப்பு. உப்பு என்றால் அவள் தம்பி. சின்ன வயதில் ஜாடிக்குள் விரலை விட்டு உப்பை நக்கி நக்கியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவன். படிப்பு ஏறவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பான், ஆங்கிலம் என்றால் வேப்பங்காய். கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாகப் போனான். ஒன்பது வருஷத்துக்கு முன் அம்மா படுத்த படுக்கையானபோது அவன் கப்பல் எங்கோ நடுக்கடலில் இருந்தது. சேதி போய், அடுத்த துறைமுகத்தில் இறங்கி, கைகாலில் விழுந்து லீவு வாங்கி அவன் வாசலில் வந்து நின்றபோது அம்மா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தது அக்காதான். பன்னிரண்டு நாளாகத் தூங்காத கண்ணும், யார் மேலாவது பாய வேண்டும் என்று காத்திருந்த நாக்குமாக நின்றாள். "இப்ப எதுக்கு வந்தே? வேடிக்கை பார்க்கவா?" என்று கேட்டாள். அவன் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் படியிறங்கிப் போனான். கோபம் ஆறினால் வந்துவிடுவான் என்று அவளும் கூப்பிடவில்லை. அவன் வரவே இல்லை. அவன் வேலை பார்த்த கம்பெனிக்கு எழுதினால், வேறு கப்பலுக்குப் போய்விட்டார் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா இருந்த வாடகை வீடும் கைமாறியது, பழைய போன் நம்பரும் போயிற்று. இனி அவனே நினைத்தாலும் அக்காவை எங்கே என்று தேடுவான்? மாலுமிகள் எப்போதாவது எட்டிப் பார்க்கிற இடம் இது ஒன்றுதான் என்றுதான் அவள் இந்த வேலையிலேயே சேர்ந்தாள்.

சேர்ந்ததும் ஒரு திருட்டு வேலையும் செய்தாள். ஒவ்வொரு மொழியிலும் "வீட்டுக்குப் பேச" என்று ஒரு பக்கம் உண்டு. மூன்றே மூன்று வரி, அதன் கீழே மையத்தின் போன் நம்பர். தமிழ்ப் பக்கத்தில் மட்டும் நாலு வரி. அந்த நாலாவது வரியை அவள் கூச்சமில்லாமல் இப்படி எழுதி வைத்தாள்: "உப்பு, அன்றைக்கு நான் பேசியது தப்பு, இந்த நம்பரில் அக்கா இருக்கிறேன்." ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர் உண்டு. மேலாளரம்மா பேசுவார், டெக்னீஷியன் பேசுவார். ஆனால் இருவரும் வீட்டில் கேட்டுக் கற்றவர்கள், எழுத்தைக் காட்டினால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்த வரி யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஆபீஸில் ஒரு கணக்குத்தாள் வர ஆரம்பித்தது. நேற்று எந்த மொழியை எத்தனை பேர் அமுக்கினார்கள், எந்தெந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கம் வரை போனார்கள் என்று தினமும் காலையில் திரையில் வரும். மற்ற மொழிகளுக்கு நூறு, இருநூறு. தமிழுக்கு ஒன்று, அபூர்வமாக இரண்டு. நம் ஆட்களைத்தான் தெரியுமே, பத்தாவது படித்திருந்தால்கூட கௌரவத்துக்கு ஆங்கிலத்தைத்தான் அமுக்குவார்கள். ஆனால் அந்த ஒன்று தினமும் வந்தது. ஒரே ஊரிலிருந்து வந்தது. வடக்கே எங்கேயோ குளிர் பிரதேசத்தில், பெயரைச் சொல்ல மூன்று தடவை எச்சில் விழுங்க வேண்டிய ஓர் ஊர். வந்த ஆள் நேராக "வீட்டுக்குப் பேச" பக்கத்துக்குப் போனான், அங்கே ஒரு நிமிஷம் நின்றான், கிளம்பிவிட்டான்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனைத் தவிர வேறு யார்? கப்பலை விட்டு இறங்கிவிட்டான், அந்த ஊரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், தினமும் நான் எழுதியதைப் படிக்கிறான், போன் செய்யத்தான் வீம்பு விடவில்லை என்று முடிவுகட்டினாள். சனி, ஞாயிறு வரிசை காலியாக இருக்கும். "கடைக்கு வார லீவு" என்றாள் வீட்டுக்காரரிடம். அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவார், பல சமயம் அப்போதும் பேசமாட்டார். அந்த ஊரில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் வந்தால் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பாள். "ஸ்வெட்டர் வாங்கினானோ என்னமோ, அந்த மடையனுக்கு அதெல்லாம் தோணாது" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு நாலு நாள் படுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் ஆபீஸ் போய்ப் பார்த்தால் அந்த நாலு நாளும் தமிழ் வரிசை காலி. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "பாருங்க, எனக்குக் காய்ச்சல் வந்த அதே நாலு நாள் அவனுக்கும் வந்திருக்கு. ஒரு வயித்துல பொறந்தவங்க இல்லையா!" என்று கண் கலங்கினாள். வீட்டுக்காரர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், "கஞ்சி வெச்சிருக்கேன், குடி" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த வருஷக் கடைசியில் மேலாளரம்மா ஒரு கூட்டம் போட்டார். ஒவ்வொரு மொழியையும் அவ்வப்போது திருத்திப் புதுப்பிக்க ஆள் போதவில்லை, அதனால் வருஷத்துக்கு இருநூறு பேர்கூட அமுக்காத மொழிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்றார். அக்கா உடனே தன் திரைக்கு ஓடினாள். கணக்கைப் பார்த்தால் தமிழுக்கு இருநூற்று ஐம்பத்து மூன்று. அப்பாடா என்று உட்கார்ந்தாள். தம்பி தினமும் வந்து வந்து மொழியையே காப்பாற்றிவிட்டான்! அந்தச் சந்தோஷத்தில், மூன்று வருஷமாக வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததை டெக்னீஷியனிடம் சொல்லித் தொலைத்தாள்.

டெக்னீஷியன் நல்ல மனுஷன். நாற்பது தாண்டியவர், எப்போதும் பாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். "அப்படியாக்கா! எந்த ஊரு?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் எச்சில் விழுங்கி எச்சில் விழுங்கிப் பெயரைச் சொன்னாள். அவர் தன் திரையில் எதையோ தட்டினார். இன்னும் எதையோ தட்டினார். சிரித்துக்கொண்டே, "அக்கா, இருபத்தேழு மொழியும் தெரிஞ்ச ஒரு ஆளு அந்த ஊர்ல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்ன? சொல்லுங்க."

"அக்கா, தினமும் காலைல வந்ததும் எல்லா மொழியையும் ஒவ்வொண்ணா திறந்து பார்ப்பீங்க இல்ல? சரியா திறக்குதா, போன் நம்பர் சரியா இருக்கான்னு?"

"பார்ப்பேன். அதுதானே என் வேலை."

"நம்ம ஆபீஸ் லைன் நேரா வெளிய போகாதுக்கா. லைன் கொடுக்கிற கம்பெனியோட மெஷின் வழியாத்தான் போகும். அந்த மெஷின் இருக்கிறது அந்த ஊர்ல. இங்க உட்கார்ந்து நீங்க எதைத் திறந்தாலும், கணக்கு எடுக்கிறவனுக்கு அது அந்த ஊர்ல யாரோ திறந்த மாதிரிதான் தெரியும். இதோ பாருங்க, எல்லா மொழிலயும் அந்த ஊர்லேர்ந்து தினம் ஒரே ஒரு ஆளு. மத்த மொழில கூட்டத்தோட கூட்டமா இருக்கு, அதான் கண்ணுல படல."

அக்கா திரையைப் பார்த்தாள். மழைக்காலத்து நாலு நாளும் எல்லா மொழியிலும் அந்த ஊர் காலியாக இருந்தது.

"அப்ப மூணு வருஷமா..." என்றாள். "நான் எழுதினதை நானே படிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

பாவம், டெக்னீஷியனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குரலைத் தாழ்த்தி, "மேடத்துக்கு இது தெரிய வேண்டாம்க்கா. இருநூத்து அம்பத்து மூணு அப்படியே இருக்கட்டும். தமிழ் தப்பிச்சுக்கும்" என்றார்.

அக்கா எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். குழாயை மூடாமலே கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதாள். சாப்பாட்டுக் கடையும் ஸ்வெட்டரும் வார லீவும் எல்லாம் அவளே கட்டிய வீடு. உப்பு இருக்கிறானா இல்லையா என்பதே இப்போது தெரியாது. திரும்பி வந்து, "என்னைக் கழிச்சா தமிழுக்கு எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"எந்தெந்த ஊருன்னு ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க."

தாளை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வருஷம் முழுக்கப் பதினாலு தடவை, பதினாலும் வேறு வேறு ஊர். எல்லாம் துறைமுகம். ஒரே மாதத்தில் மூன்று, அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமில்லை, பிறகு எங்கோ தெற்கே ஒன்று. ரொட்டியைப் பிட்டவள் பிட்டபடியே இருந்தாள். மாலுமிக்கு ஏது ஊரு என்று மேசையைத் தட்டிக் கத்தியவள் யார்? ஊரெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத் தன் தம்பியை மட்டும் ஓர் ஊரில் உட்காரவைத்து, வேலை போட்டுக் கொடுத்து, வார லீவும் கொடுத்து மூன்று வருஷம் அங்கேயே தேடியிருக்கிறாள். தினமும் ஒரே இடத்திலிருந்து வருகிறவன் என்ன மாலுமி? தேட வேண்டிய இடமே இந்தப் பதினாலுதான். "அடி முட்டாளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள், சத்தமாகவே.

தாளோடு நேரே மேலாளரம்மாவின் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருநூற்று ஐம்பத்து மூன்றில் இருநூற்று முப்பத்து ஒன்பது தான்தான் என்றாள்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா தமிழ் இருந்திருக்குமே" என்றார் மேலாளரம்மா.

"இருந்திருக்கும் மேடம். ஆனா அதுல நானும் கலந்திருந்தா, நிஜமா ஒருத்தன் வந்தாலும் எனக்குத் தெரியாது."

"அந்தப் பக்கத்துல என்னதான் எழுதியிருக்கு? படி, கேப்போம்."

அக்கா முதல் மூன்று வரியைப் படித்தாள். நாலாவதையும் படித்தாள், மறைக்கவில்லை. மேலாளரம்மா பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"இந்தக் கடைசி வரி மத்த மொழில இருக்கா?"

"இல்ல மேடம்."

"விதிப்படி எடுக்கணும்."

"தெரியும் மேடம்."

"நான் எப்படி எடுக்கச் சொல்றது? எனக்குத்தான் அந்த எழுத்து படிக்கத் தெரியாதே." தாளை மடித்து அவளிடமே நீட்டினார். "ஒரு வருஷம் தரேன். அடுத்த வருஷமும் பதினாலுன்னா என்னால தாங்கிப் பிடிக்க முடியாது, பார்த்துக்கோ."

அன்றிலிருந்து அக்கா காலையில் இருபத்தாறு மொழிகளைத்தான் திறந்தாள். தமிழைத் தொடவில்லை. ஆபீஸ் ஆட்களைக் கணக்கில் சேராமல் வடிகட்டிவிட்டேன் என்று டெக்னீஷியன் தலையிலடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. "உங்க வடிகட்டி மேல எனக்கு நம்பிக்கை இல்ல, பக்கம் சரியா இருக்கான்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்றாள். அவரும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். இந்த நிமிஷம் யார் எந்த மொழியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை அவள் திரையின் ஓரத்தில் வைத்துக் கொடுத்தார். ஆள் இருந்தால் மொழிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். எல்லா மொழிக்கும் புள்ளி வந்து வந்து போனது. தமிழுக்கு மட்டும் ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. தினமும் அவள் படித்துவந்த அந்த நாலு வரியை இப்போது படிக்க முடியவில்லை என்பது வேறு ஒரு பக்கம் வலித்தது.

ஆறாம் வாரம், வியாழக்கிழமை, மத்தியானம் மூன்றே முக்கால். யாருக்கோ போனில் "அமுக்குங்க" சொல்லி முடித்து வைத்தவள் திரையைப் பார்த்தாள். தமிழுக்கு நேரே பச்சைப் புள்ளி. ஊர், அந்தப் பதினாலில் இல்லாத ஒரு துறைமுகம். ஆள் தமிழின் முதல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "கீழே வாடா" என்றாள், வாய்க்குள்ளேயே. "இன்னும் கொஞ்சம் கீழே."

புள்ளி அசைந்தது. உடம்பு சரியில்லையா என்ற பக்கத்துக்குப் போயிற்று. அங்கே சற்று நின்றது. பிறகு "வீட்டுக்குப் பேச".

"அதேதான்" என்றாள் அக்கா. டெக்னீஷியன் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "போன் லைன் சரியாத்தான் இருக்குக்கா, இப்பத்தான் பார்த்தேன்" என்றார் மெல்ல.

நாலு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுத்துக்கூட்டிப் படித்தாலும் ஒரு நிமிஷம், போகட்டும், இரண்டு நிமிஷம். அந்த ஆள் அங்கே பதினொரு நிமிஷம் நின்றான். அக்கா போனின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். போன் ஒரு தடவை அடித்தது, பதறி எடுத்தாள், யாரோ லிஃப்ட் பழுது பார்க்கிறவன். "வையுங்க, வையுங்க!" என்று கத்தினாள். புள்ளி அங்கேயேதான் இருந்தது. பிறகு அணைந்தது. ஐந்து மணி வரை போன் மறுபடி அடிக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் டீ போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்று, புள்ளியையும் பதினொரு நிமிஷத்தையும் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்தார். வழக்கம்போல அவளை இரண்டு தடவை பார்த்தார்.

"அவன்தானா?"

"தெரியலைங்க" என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். "ஆனா இன்னைக்குப் படிச்சது நான் இல்லைங்க."